ஒரே லயத்துக்கு நாலு ஜீப்பு, நாலு ஃபார்ம்: இத யாரு பாக்குறது?

பொகவந்தலாவ பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல முன்பள்ளி டீச்சரா இருக்கிற தங்கச்சி ஒருத்தங்க கேட்டிருந்தாங்க: "அண்ணே, போன வருசம் மட்டும் எங்க டிவிசனுக்கு நாலு நிறுவனம் வந்துச்சு. வீட்டுல எத்தனை பேரு, தண்ணி எங்கருந்து எடுக்கிறீங்க, கக்கூஸ் இருக்கான்னு நாலு பேரும் ஒரே கேள்விய கேட்டு எழுதிகிட்டு போனாங்க. ரெண்டு ஜீப்புல யூஎன்னுன்னே போட்டிருந்துச்சு. இவங்கல்லாம் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்க மாட்டாங்களா? இத யாரு தான் பொறுப்பா பாக்குறது?"

பேசிக்கிறாங்க தங்கச்சி, நல்லாவே பேசிக்கிறாங்க, ஆனா கொழும்புல. மாசத்துக்கு எத்தனை கூட்டம்னு எண்ணினா தலை சுத்தும். நான் அட்டன்ல இருந்துகிட்டு பதினஞ்சு வருசத்துக்கு மேல இந்த ப்ரொஜெக்ட் வேலைகள்ல தான் சுத்திகிட்டு இருக்கேன், மொதல்ல மொழிபெயர்க்க போனேன், அப்புறம் ஃபீல்ட் ஆபீசர், இப்ப ரிப்போர்ட் எழுதி குடுக்கிறது, அதனால நீங்க சொல்ற மாதிரி ஃபார்ம நிரப்பின கைகள்ல என் கையும் ஒண்ணுன்னு மொதல்லயே ஒத்துக்கிறேன். உங்க கேள்விக்கு சுருக்கமா சொன்னா, ஒருங்கிணைக்கிறதுக்கு ஆளுக அஞ்சாறு பேரு இருக்காங்க, ஆனா தோட்டத்துக்குள்ள அவங்க எல்லாரும் வந்து நிக்கிறதுக்கு ஒரு வாசல் இல்ல. அது ஏன்னு சொல்றதுக்கு தான் கொஞ்சம் நீளமா எழுத வேண்டியிருக்கு.

மொதல்ல யூஎன்னுங்கிறத, அதாவது ஐக்கிய நாடுகள் சபைய, ஒரு ஆபீஸ்னு நினைக்காதீங்க. அது நம்ம தோட்டத்து யூனியன் மாதிரி. ஒரே லயத்துல, அதாவது ஒரே வரிசை வீட்டுல, மூணு யூனியன் ஆளுக இருப்பாங்க, தீபாவளி முற்பணம்னு வந்தா எல்லாரும் சேந்து தோட்ட மேனேஜர் தொரைகிட்ட போவாங்க, ஆனா சந்தா வேற, தலைவர் வேற, ஒரு தலைவர் சொன்னத அடுத்த யூனியன்காரன் கேக்கணும்னு ஒண்ணும் இல்ல. உலக சுகாதார நிறுவனமான டபிள்யூஎச்ஓவுக்கு ஜெனீவாவுல தனி சபை, உணவு விவசாய நிறுவனமான எஃப்ஏஓவுக்கு ரோம்ல தனி சபை, அவங்க தலைவர அவங்க உறுப்பு நாடுகளே கூடி தெரிவு செய்யுதுக, அதனால நியூயோர்க்ல இருக்கிற செயலாளர் நாயகம் இத இப்படி செய்யுங்கன்னு அவங்களுக்கு உத்தரவு போட முடியாது. பிள்ளைகளுக்கான யுனிசெஃப், அபிவிருத்திக்கான யூஎன்டிபி மாதிரி இடங்கள் அவருக்கு கொஞ்சம் கிட்ட, ஆனா அங்கயும் காசு சேக்கிறது அவங்கவங்க பாடு. வேர்ல்ட் பேங்க் பேருக்கு சொந்தக்காரங்க, நடப்புல தனிக்குடித்தனம். ஆசிய அபிவிருத்தி வங்கியான ஏடிபி சொந்தமே இல்ல. அதுக கடன் குடுக்கிற இடம், திறைசேரில இருக்கிற வெளிநாட்டு வளத் திணைக்களத்தோட பேசி கையெழுத்து வச்சிட்டு நேரா அமைச்சுக்கு போயிரும், உங்க கிராம சேவகர் ஜி.எஸ். ஐயாவுக்கு விசயம் தெரியும்போது டெண்டரும் போயிருக்கும்.

இந்த கோளாறு நேத்து வந்ததில்ல. 1969லயே சர் ரொபர்ட் ஜாக்சன்னு ஒரு அவுஸ்திரேலியர் யூஎன்னோட அபிவிருத்தி வேலைய பூரா ஆராஞ்சு ஒரு பெரிய அறிக்கை குடுத்தாரு, இவ்வளவு பெரிய உடம்புக்கு நடுவுல மூளை இல்லங்கிறது தான் அதோட சாரம். 2005ல பாரிஸ்ல உதவி குடுக்கிற நாடுகளும் வாங்குற நாடுகளும் கூடி, திட்டம் வாங்குற நாட்டோடதா இருக்கணும், குடுக்கிறவங்க தங்களுக்குள்ள ஒத்து போகணும்னு ஒரு பிரகடனம் போட்டாங்க. 2006ல 'ஒண்ணா செயல்படுறது'ன்னு ஒரு குழு அறிக்கை, அடுத்த வருசம் தான்சானியா, ருவாண்டா, வியட்நாம்னு 8 நாட்டுல அத சோதிச்சு பாத்தாங்க, ஒரே தலைமை, ஒரே திட்டம், ஒரே வரவு செலவு, ஒரே ஆபீஸ்னு. சில இடத்துல நல்லா வந்துச்சு, சில இடத்துல பேப்பர் வேலை தான் கூடிச்சு.

அப்புறம் 2018 மே மாசம் பொதுச்சபைல 72/279ன்னு ஒரு தீர்மானம் வந்துச்சு, நிசமா ஏதாச்சும் மாறினது அதுல தான். அதுக்கு முன்னால ஒவ்வொரு நாட்டுலயும் எல்லா யூஎன் நிறுவனத்தையும் ஒருங்கிணைக்கிற ஆளு, அவங்கள வதிவிட இணைப்பாளர்னு சொல்வாங்க, அவங்களே யூஎன்டிபியோட தலைவராவும் இருந்தாங்க. கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளையோட வீட்டம்மாவும் அதே வரிசைல சாக்கோட நிக்கிற மாதிரி. அவரு நேர்மையா தான் நிறுப்பாரு, இருந்தாலும் பின்னால நிக்கிறவங்க நம்புவாங்களா? 2019 ஜனவரி 1ல இருந்து அந்த பதவிய யூஎன்டிபில இருந்து பிரிச்சு நேரா செயலாளர் நாயகத்துக்கு கீழ கொண்டு வந்துட்டாங்க. இப்ப இலங்கைல அரசாங்கமும் யூஎன்னும் சேந்து 2023ல இருந்து 2027 வரைக்கும் ஒரே ஒரு ஒத்துழைப்பு சட்டகம் வச்சிருக்காங்க, 2015ல உலக நாடெல்லாம் ஒத்துகிட்ட 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்கையும் அதுக்குள்ள தான் கோத்திருக்காங்க. நம்ம நாட்டு பக்கம் 2017ல 19ஆம் இலக்க சட்டத்துல ஒரு நிலைபேறான அபிவிருத்தி சபையும் வந்துச்சு. பேப்பர்ல பாத்தா எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு அழகா உக்காந்திருக்கு.

உக்காராதது காசு தான். குடுக்கிற நாடு "இந்தா காசு, உனக்கு தெரிஞ்ச மாதிரி செய்"ன்னு குடுக்கிறது கொஞ்சம், "இந்த காசு பதுளை மாவட்டத்து பொம்பளைகளுக்கு கோழி வளக்கிறதுக்கு மட்டும், 18 மாசத்துக்குள்ள முடிச்சு படத்தோட ரிப்போர்ட் அனுப்பு"ன்னு கட்டி குடுக்கிறது தான் கூட. கட்டில்லாத காசோட பங்க 30 சதவீதத்துக்கு கொண்டு வரணும்னு 2019ல நாடுகளும் யூஎன்னும் ஒரு உடன்பாடு போட்டாங்க, எட்டல. அப்படி இறுக்கி கட்டின காசுல இருந்து 1 சதவீதத்த ஒருங்கிணைப்பு வேலைக்குன்னு எடுக்கிறாங்க, அது வேடிக்கையான ஏற்பாடு, பிரிச்சு வைக்கிற காசுல இருந்தே சேத்து வைக்கிறதுக்கும் கூலி. இதுல ஃபீல்டுக்கு வர்ற ஆபீசர திட்டி புண்ணியமில்ல தங்கச்சி, அவரோட ஒப்பந்தமும் அந்த 18 மாசம் தான். பக்கத்து நிறுவனம் எடுத்த சர்வேய வாங்கி பாவிச்சா காசு மிச்சம்னு அவருக்கும் தெரியும், ஆனா அவரோட ஃபார்ம்ல குடுக்கிறவன் கேட்ட நாலு கேள்வி அதுல இருக்காது, அந்த நாலுக்காக நாப்பதையும் திரும்ப கேப்பாரு. அது பகல் 11 மணிக்கு மலைல நடக்கும், கொழுந்து எடுக்கிற அக்கா கூடைய இறக்கி வச்சிட்டு பதில் சொல்லிகிட்டு நிப்பாங்க, அன்னிக்கு கிலோ குறைஞ்சு அரைப்பேரு, அதாவது அரைநாள் சம்பளம், விழுந்தா அந்த நட்டம் எந்த நிறுவனத்து கணக்குலயும் வராது.

இது வரைக்கும் சொன்னது எந்த நாட்டுக்கும் பொருந்தும். மலையகத்துக்குன்னு ஒரு தனி முடிச்சு இருக்கு, எனக்கு கேட்டா அது தான் பெருசு. ஒரு கிராமத்துக்கு எவன் வந்தாலும் ஜி.எஸ்., டி.எஸ். ஆபீஸ்ங்கிற பிரதேச செயலகம், பிரதேச சபைன்னு ஒரு ஒழுங்கு இருக்கு. தோட்டம் யாருக்கு சொந்தம்னு சொல்லுங்க பாப்போம்? காணி அரசாங்கத்தோடது, 1992ல இருந்து குத்தகைக்கு கம்பனிகிட்ட. ஸ்கூல் அரசாங்கத்துக்கு போயிருச்சு, ஆஸ்பத்திரி பாதி போச்சு பாதி போகல. வீடு, தண்ணி, பிள்ளை மடுவம்ங்கிற பிள்ளைக் காப்பகம் இதெல்லாம் பாக்க அதே 1992ல அரசாங்கம், கம்பனி, யூனியன் மூணும் சேந்து ஒரு ட்ரஸ்ட் அமைச்சாங்க, அது தான் இப்ப நாம பி.எச்.டி.டி.ன்னு சொல்றது. பிரதேச சபைல முந்தி 1987 சட்டத்து 33ஆம் பிரிவ காட்டி தோட்டத்துக்குள்ள சபை காசுல ரோடு கூட போட முடியாதுன்னு கைய விரிச்சிருவாங்க, நம்ம ஆளுக ஓட்டு போட்டு தெரிவு செஞ்ச சபை, நம்ம வாசலுக்கு வர சட்டம் விடல. 2018ல தான் அத திருத்தினாங்க. அதே வருசம் தோட்டப் பகுதிக்குன்னு புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைன்னு இன்னொண்ணும் வந்துச்சு. கூட்டி பாருங்க: தொரை, ட்ரஸ்ட், அதிகார சபை, டி.எஸ்., பிரதேச சபை, அமைச்சு, யூனியன். வெளிநாட்டு நிறுவனம் ஒண்ணு நல்ல மனசோடயே வந்தாலும் இதுல எந்த கதவ தட்டுறது? ஒவ்வொண்ணும் ஒரு கதவ தட்டும். தொரைகிட்ட அனுமதி வாங்கினவன பத்தி டி.எஸ்.க்கு தெரியாது, டி.எஸ்.கிட்ட போனவன தொரை கேட்ல நிப்பாட்டுவாரு.

ஒரு கதை சொல்றேன், தோட்டத்து பேரும் வேணாம் நிறுவனத்து பேரும் வேணாம். ஒரு மேல் டிவிசன், 60 சொச்சம் குடும்பம், மலை உச்சில ஒரு பீலி, ஊத்துத் தண்ணி விழுற இடம். ஒரு நிறுவனம் வந்து ஜூலை மாசத்துல, நல்ல மழை, தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, அப்ப அளந்து கணக்கு போட்டு பத்தாயிரம் லிட்டர் டேங்க் கட்டிச்சு. ரிப்பன் வெட்டின அன்னிக்கு மொழிபெயர்த்தது நான் தான், தலைவர் மாலை போட்டாரு, சுண்டல் குடுத்தாங்க. ரெண்டு வருசம் கழிச்சு வேற ஒரு ப்ரொஜெக்ட்ல அதே டிவிசனுக்கு போறேன், முதல் டேங்குக்கு இருபது அடி தள்ளி இன்னொரு டேங்குக்கு அத்திவாரம் தோண்டிகிட்டு இருக்காங்க. எஞ்சினியர் பொடியன் கேக்குறான், இந்த பழைய டேங்க் யாரு கட்டினதுன்னு. ஆபீஸ் கிளார்க் ஐயா யோசிச்சு பாத்துட்டு "அது ப்ரொஜெக்ட்"னு சொன்னாரு. அவ்வளவு தான் பதிவு. ரெண்டாவது டேங்கும் கட்டி முடிஞ்சுச்சு, குழாயும் போட்டாங்க, வந்த மாசி மாசத்துல பீலில விரல் தண்டி தான் தண்ணி, அதுலயும் பாதிய ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஃபெக்டரிக்கு, திருப்பிருவாங்க, ரெண்டு டேங்கும் அடில ஈரம் மட்டும். பொம்பளைக பழையபடி கேன தூக்கிகிட்டு பீலிக்கே போனாங்க. முதல் டேங்கு சுவத்துல இப்ப பயலுக கரியால மூணு விக்கெட் கீறி வச்சிருக்கானுக, பந்து பட்டா நல்லா சத்தம் கேக்கும்.

ரெண்டு நிறுவனத்துலயும் திருட்டு இல்ல, வேலை சுத்தம், சீமெந்து நல்ல சீமெந்து. ஆனா அந்த பீலி மார்ச் மாசத்துல எவ்வளவு குடுக்கும்ங்கிற ஒரு எண்ணு எந்த ஆபீஸ்லயும் இல்ல.

இதுக்கு நேர் மாறா ஒண்ணு சொல்றேன், மண்சரிவு. 1990 வாக்குல யூஎன்டிபியும் யூஎன்னோட வீடமைப்பு நிறுவனமும் உதவி செஞ்சு, பதுளைலயும் நுவரெலியாவுலயும் எந்த மலை சரியும்னு வரைபடம் போடுற வேலைய தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் ஆரம்பிச்சுச்சு, நாம என்.பி.ஆர்.ஓ.ன்னு சொல்றது அது தான். ப்ரொஜெக்ட் முடிஞ்சு வெளிநாட்டுக்காரங்க போயிட்டாங்க, வரைபடம் போகல, ஆளுக போகல, வருசா வருசம் அது வளந்துச்சு. இன்னிக்கு ஜப்பானோட உதவி நிறுவனம் ஜைக்கா வந்தாலும், வேர்ல்ட் பேங்க் வந்தாலும், ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி 2019ல 8 கோடி டொலர் கடன் குடுத்தாலும், எல்லாரும் அந்த ஒரே வரைபடத்துக்கு முன்னால தான் நிக்கணும், இந்த சரிவ நீ பாரு அந்த சரிவ நான் பாக்கிறேன்னு பிரிச்சுக்கலாம். வீடு கட்ட காணி ஒதுக்கினாலும் அவங்க ரிப்போர்ட் இல்லாம அத்திவாரம் வெட்ட முடியாது. இந்தியா முதல்ல 4,000, அப்புறம் 2017ல மோடி நோர்வூட்டுக்கு வந்தப்ப இன்னும் 10,000ன்னு தோட்ட வீடு அறிவிச்சாங்க இல்லையா, ஏழு பேர்ச் காணி குடுத்து கட்டுறதுல பல இடத்துல இழுத்ததுக்கு தோட்டத்துல காணி விடுவிக்கிறது ஒரு காரணம்னா, மண்சரிவு ரிப்போர்ட்ல தட்டுப்பட்டு இடம் மாறினது இன்னொண்ணு. ஆளுக ஏசுவாங்க, ஆனா அந்த தாமதம் நல்ல தாமதம்னு தான் நான் சொல்லுவேன்.

அதுக்காக வரைபடம் இருந்தா எல்லாம் சரியாயிரும்னு சொல்ல வரல. பதுளை மாவட்டத்து மீரியபெத்தை தோட்டத்துக்கு 2005லயும் 2011லயும் எச்சரிக்கை குடுத்திருந்தாங்க. 2014 ஒக்டோபர் 29 காலைல மலை வந்து லயத்து மேல விழுந்துச்சு. ஆபத்துன்னு தெரிஞ்சவங்ககிட்ட காணி இல்ல, காணி இருந்தவங்ககிட்ட வீடு கட்ட காசு இல்ல, காசு இருந்தவங்களுக்கு அந்த லயம் எங்க இருக்குன்னே தெரியாது. ஒருங்கிணைப்புன்னு கொழும்பு ஹோட்டல்ல ஸ்லைட் போட்டு காட்டும்போதெல்லாம் எனக்கு அந்த மூணு பேரும் தான் ஞாபகம் வரும்.

அவசரம்னு வந்தா இவங்களால சேர முடியுங்கிறதும் உண்மை. 2022ல நாடே லைன்ல நின்னுச்சே, அப்ப ஜூன் மாசம் யூஎன் நிறுவனமெல்லாம் சேந்து ஒரே திட்டமா, 17 லட்சம் பேருக்கு 4 கோடி 70 லட்சம் டொலர்னு கேட்டாங்க. எஃப்ஏஓவும் உலக உணவுத் திட்டமான டபிள்யூஎஃப்பியும் தனித்தனியா அலையாம ஒரே பயணமா போய் ஒரே அறிக்கை எழுதினாங்க, 63 லட்சம் பேருக்கு சரியான சாப்பாட்டுக்கு உத்தரவாதம் இல்லன்னு அதுல வந்துச்சு, தோட்டப் பக்கம் நிலைமை நாட்டுலயே மோசம்ங்கிறதும் அப்ப தான் பெரிய இடத்துல காதுல விழுந்துச்சு. 2025 நவம்பர் கடைசில டித்வா புயல் வந்தப்பவும் கூட்டங்கள் உடனே ஆரம்பிச்சுச்சு. ஆனா கீழ பட்டியல் மறுபடி அதே கதை, நான் போன ஒரு முகாம்ல ஒரு பாட்டியோட பேரு மூணு லிஸ்ட்ல மூணு எழுத்துல இருந்துச்சு, பக்கத்துல இருந்த மருமகளோட பேரு ஒண்ணுலயும் இல்ல.

சாதாரண நாள்ல ஏன் சேரணும்னு கேட்டா, நீங்க டீச்சர், உங்களுக்கு விளங்குற உதாரணமே சொல்றேன். 2016ல நாடு பூரா எடுத்த சுகாதார சர்வேல அஞ்சு வயசுக்கு கீழ வயசுக்கேத்த உயரம் இல்லாத பிள்ளைக நாட்டுல 17 சதவீதம், தோட்டத்துல 32. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அந்த பிள்ளை குட்டையா இருக்கிறதுக்கு சாப்பாடு மட்டுமா காரணம்? அம்மா கர்ப்பத்துலயே ரத்தம் குறைவு, காலைல வேலைக்கு பேர் குடுக்க பிரட்டுக்கு ஓடணும், பிள்ளைய மடுவத்துல விட்டுட்டு போனா பால் குடுக்க மலைல இருந்து இறங்கி வர முடியாது, பீலி தண்ணிய சுட வைக்க விறகு பத்தாது, கக்கூஸ் தண்ணி கான்ல ஓடுது, மாசத்துக்கு ரெண்டு தடவ வயித்தால போகும், தின்னது ஒட்டாது. இப்ப பாருங்க, சாப்பாடு டபிள்யூஎஃப்பி, பிள்ளை யுனிசெஃப், அம்மாவோட வேலை நேரம் தொழிலாளர் நிறுவனமான ஐஎல்ஓ, ரத்தம் டபிள்யூஎச்ஓ, தண்ணி வேர்ல்ட் பேங்க் கடன், வீடு இன்னொருத்தர். ஒரு பிள்ளைய ஆறு துண்டா வெட்டி ஆறு ஆபீஸ் வச்சிருக்கு. பால்மா மட்டும் குடுத்தா வயித்தால போய் வீண், டேங்க் மட்டும் கட்டினா அம்மாவுக்கு நேரமில்ல. தண்ணி வேலைய எடுத்துகிட்டா, வேர்ல்ட் பேங்க் 2015ல ஆரம்பிச்ச குடிநீர் திட்டம் நுவரெலியா, பதுளை உட்பட 7 மாவட்டத்துல தோட்டத்தையும் சேத்து தான் போட்டது, அது நல்ல விசயம், ஆனா அதே லயத்துல பிள்ளைகளோட எடைய நிறுத்து பாத்துகிட்டு இருக்கிற நிறுவனம் அந்த குழாய் எந்த மாசம் வரும்னு தெரிஞ்சுகிட்டு தன்னோட வேலைய வைக்கணும் இல்லையா.

இனிமே இது தானா சரியாகும்னு காத்திருக்க வேணாம். காசு குறையுது. அமெரிக்காவோட உதவி நிறுவனம் யூஎஸ்எய்ட் 2025 ஜூலையோட மூடியாச்சு, யூஎன்னே அதே வருசம் யூஎன்80ன்னு செலவ குறைச்சு நிறுவனங்கள ஒண்ணோட ஒண்ணு சேக்கிற பேச்ச ஆரம்பிச்சுட்டாங்க. ஜீப்பு குறையும், ஒரு வகைல நிம்மதி தான், ஆனா வர்ற ஒண்ணு ரெண்டும் எங்க போகும்னா தகவல் தயாரா இருக்கிற இடத்துக்கு போகும்.

அதனால உங்க டிவிசன்ல ஒரு சி.ஆர். கொப்பி போடுங்க. லயம் நம்பர், காம்பரா நம்பர், ஆளுக, வயசு, கக்கூஸ் யாரோடது, தண்ணி எந்த பீலி, இதுக்கு முன்னால எந்த நிறுவனம் எந்த வருசம் என்ன செஞ்சுச்சு. ஆளுகளோட வருமானம், நோய் நொடி எல்லாம் எழுத வேணாம், அது ஊர் வாய்ல போயிரும். அடுத்த ஜீப்பு வந்தா மொதல்ல கொப்பிய காட்டுங்க, இல்லாதத மட்டும் கேளுங்கன்னு சொல்லுங்க, அதுவும் சாயங்காலம் வேலை விட்ட பிறகு. நீங்களும் திருப்பி கேளுங்க: காசு யாரோடது, டி.எஸ். ஆபீஸ் கடிதம் இருக்கா, எப்ப முடியும், முடிஞ்ச பிறகு குழாய் உடைஞ்சா யாருக்கு போன் பண்றது. பதில் சொல்ல மாட்டேன்னா 2016ஆம் வருசத்து தகவல் அறியும் சட்டம் இருக்கு, தமிழ்லயே எழுதி குடுக்கலாம், 14 வேலை நாளைக்குள்ள முடிவு சொல்லணும், வெளிநாட்டு காசுல பொதுமக்களுக்கு சேவை செய்ற என்ஜிஓக்களும் அந்த சேவை சம்பந்தமா அதுக்குள்ள வரும், இது நிறைய பேருக்கு தெரியாது. கொப்பியோட ஒரு போட்டோ கொப்பி ஜி.எஸ்.க்கு, ஒண்ணு தோட்டத்து வெல்ஃபெயார் ஐயாவுக்கு, ஒண்ணு பிரதேச சபை மெம்பருக்கு. மூணு பேருகிட்டயும் ஒரே கணக்கு இருந்தா மாவட்ட ஒருங்கிணைப்பு குழு கூட்டத்துல உங்க டிவிசன் பேரு வரும்போது மூணு விதமா பேச முடியாது.

பீலிய மறந்துறாதீங்க. வர்ற மார்ச்ல, ரெண்டு மூணு கிழமை மழை இல்லாத நேரமா பாத்து, ஆளுக வர முன்னால காலைல அஞ்சரைக்கு போய் 20 லிட்டர் கேன வச்சு, நிறைய எத்தனை நிமிசம்னு போன்ல பாருங்க, மூணு தடவ. தேதிய போட்டு கொப்பில முதல் பக்கத்துல எழுதிட்டு, ஸ்டோருக்கு தண்ணி திருப்பியிருந்தாங்களா இல்லையான்னும் பக்கத்துலயே குறிச்சு வைங்க.